நுழைவுத் தேர்வில் வாழ்வியல் கணக்கு: கேள்வியைப் படிப்பது முதல் விடையைச் சரிபார்ப்பது வரை

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்தான் வாழ்வியல் கணக்கில் அதிகம் தடுமாறுகிறார்கள். 216-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் கண் மூடித் திறப்பதற்குள் விடை வரும். அதையே நான்கு வரிக் கேள்வியாகக் கொடுத்தால், கண்ணில் படும் எண்களையெல்லாம் பெருக்கிப் பார்ப்பார்கள். பெரும்பாலான பிழைகள் பென்சில் தாளைத் தொடும் முன்பே நடந்துவிடுகின்றன. எதைக் கேட்கிறார்கள், எதன்மேல் கணக்குப் போடச் சொல்கிறார்கள் என்ற இரண்டும் பிடிபட்டால் மீதி வெறும் கணக்குதான்.

குமரி மாவட்டப் பிள்ளைகள் எழுதும் தேர்வுகளில் இரண்டை முதலில் சொல்ல வேண்டும். ஒன்று, சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு. அமராவதிநகர் சைனிக் பள்ளி நம் மாநிலத்தில் இருந்தாலும், நாகர்கோவில்காரர்களுக்குத் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் பள்ளிதான் பக்கம். ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு 150 நிமிடத்தில் 125 கேள்விகள். கணக்கில் 50 கேள்வி, ஒன்றுக்கு 3 மதிப்பெண். மொத்தம் 300-இல் கணக்குக்கு மட்டும் 150. மற்றது, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, தலா 90 நிமிடம். படிப்பறிவுத் தாளில் கணக்கு 20 கேள்விதான் என்றாலும், மனத்திறன் தாளிலும் எண் சார்ந்த கேள்விகள் நிறைய வரும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பது இதுவரையுள்ள வழக்கம். அந்தந்த ஆண்டின் அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் கிடைக்கும் நவோதயா வினாத் தொகுப்புகளையும் பயிற்சிக்கு வாங்கலாம். தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி இல்லை என்பதால் ஒதுக்க வேண்டாம், ஆறாம் வகுப்புக்கான கணக்கு ஏறக்குறைய அதே தரம்தான்.

கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்

தமிழ்க் கேள்வியில் கேட்பது என்ன என்பது கடைசி வரியில்தான் இருக்கும். அதை முதலில் படித்து அடிக்கோடிடுங்கள். எண்ணோடு அலகையும் சேர்த்துக் கோடிட வேண்டும். 'எத்தனை நாள்கள் கூடுதலாக', 'மொத்தம் எத்தனை நாள்கள்' இரண்டும் வேறு கேள்விகள். வினாத்தாள் தயாரிப்பவர் இரண்டு விடைகளையும் தெரிவுகளில் வைத்திருப்பார்.

பிறகு மேலிருந்து படித்து, ஒவ்வொரு தகவலையும் ஓரத்தில் ஒரு சொல்லும் ஓர் எண்ணுமாகக் குறியுங்கள். முழு வாக்கியமாக எழுத நேரம் கிடையாது. குறிக்கும்போதே அலகை ஒன்றாக்கிவிட வேண்டும்: கிராமும் கிலோவும் கலந்திருந்தால் ஒன்றுக்கு, மணியும் நிமிடமும் கலந்திருந்தால் ஒன்றுக்கு. தனிவட்டியில் 'மாதம்' என்று வந்தால் அங்கேயே 12-ஆல் வகுத்து ஆண்டாக்குங்கள். 5,000 ரூபாய்க்கு 8% வட்டியில் 9 மாதத்துக்கு வட்டி 300 ரூபாய். மாதத்தை ஆண்டாக எடுத்தால் 3,600 வரும், அதுவும் தெரிவுகளில் காத்திருக்கும். நம் ஊரில் நிலத்தைச் சென்டில் பேசிப் பழகியவர்கள், தேர்வில் சதுர மீட்டர், ஹெக்டேர் என்று வரும்போது தயங்கக் கூடாது. 100 சென்ட் ஓர் ஏக்கர், ஓர் ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர்.

வாக்கியத்தைச் சமன்பாடாக்குவது

தெரியாத எண்ணை இந்த வழிகாட்டியில் 'க' என்று எழுதுகிறோம். தாளில் எக்ஸ் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

வேற்றுமை உருபுகளைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. 'விட' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பவர்தான் அடிப்படை. 'மேரியை விட ஆஷா 5 மிட்டாய் அதிகம் வைத்திருக்கிறாள்' என்றால் ஆஷா = மேரி + 5. 'ஆஷாவிடம் இருப்பது மேரியிடம் இருப்பதன் இருமடங்கு' என்றால் ஆஷா = 2 × மேரி. 'ஒன்றின் இவ்வளவு பங்கு' என்று வரும்போது பெருக்கல்.

கழித்தலில்தான் திசை மாறும். 'ஓர் எண்ணிலிருந்து 5-ஐக் கழிக்க' என்றால் க − 5. '5-லிருந்து ஓர் எண்ணைக் கழிக்க' என்றால் 5 − க. 'இருந்து' ஒட்டிய சொல் முதலில் வரும், 'ஐ' ஒட்டிய சொல் கழித்தல் குறிக்குப் பின்னால் போகும். வகுத்தலில் 'ஆல்' ஒட்டியது கீழே போகும்.

அடைப்புக்குறி அடுத்த கண்ணி. 'ஓர் எண்ணின் மூன்று மடங்குடன் 7-ஐக் கூட்ட' என்றால் 3க + 7. 'ஓர் எண்ணுடன் 7-ஐக் கூட்டி, வருவதை மூன்றால் பெருக்க' என்றால் 3(க + 7). 'கூட்டி', 'கழித்து', 'வருவதை' போன்ற சொற்களைக் கண்டால், அதுவரை எழுதியதை அடைப்புக்குள் போட்டுவிட்டு மேலே போங்கள்.

'இரண்டு மடங்கு அதிகம்' என்ற குழப்பமான தொடர் சில தாள்களில் வரும். 2க என்று எடுத்து முதலில் போட்டுப் பாருங்கள். தெரிவுகளில் விடை இல்லாவிட்டால் மட்டும் 3க. இருமொழியில் அச்சிட்ட தாளாக இருந்தால் ஆங்கில வரியையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. மொழிபெயர்ப்பில் நழுவியது அங்கே தெளிவாக இருக்கும்.

எதைக் 'க' என்று வைப்பது? சிறியதை. பெரியதை க என்று வைத்தால் பின்னம் வரும், பின்னத்தில் பிழை வரும்.

வயதுக் கணக்கில் இதைப் பார்க்கலாம். 'தாயின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகளுக்குப் பிறகு இரு மடங்காக இருக்கும். மகளின் தற்போதைய வயது என்ன?' இரண்டு வரிசை போடுங்கள். இப்போது: மகள் க, தாய் 3க. பிறகு: மகள் க + 12, தாய் 3க + 12. இனிச் சமன்பாடு: 3க + 12 = 2(க + 12). விரித்தால் 3க + 12 = 2க + 24, எனவே க = 12. மகளுக்கு 12, தாய்க்கு 36. பன்னிரண்டு ஆண்டு கழித்து 24, 48. சரி.

இங்கே அடைப்பை விட்டு 3க + 12 = 2க + 12 என்று எழுதுபவர்களுக்கு க = 0 வரும். வயது பூஜ்யம் வந்தால் அடைப்பு விட்டுப்போயிற்று என்று உடனே தெரிந்துகொள்ளலாம். தாய்க்கு மட்டும் 12 கூட்டி மகளை அப்படியே விடுவது இன்னொரு பழக்கமான பிழை. 3க + 12 = 2க என்று வந்து க குறை எண்ணாகிவிடும். வயது எல்லோருக்கும் ஒரே அளவில்தான் ஏறும், வித்தியாசம் மாறாது. அதனால் இந்தக் கணக்கைச் சமன்பாடு இல்லாமலும் போடலாம். இப்போது வித்தியாசம் 2க. பிறகு தாய் இரு மடங்கு என்றால் வித்தியாசம் மகளின் அப்போதைய வயதுக்குச் சமம். ஆகவே 2க = க + 12.

சமன்பாடு படிக்காத பிள்ளைகளுக்கு

ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு எழுதும் பிள்ளைக்கு இயற்கணிதத்தைத் திணிக்கத் தேவையில்லை. 'எல்லாம் ஒரே வகை என்று வைத்துக்கொள்' என்ற வழி போதும்.

'20 ரூபாய், 50 ரூபாய் நோட்டுகளாக மொத்தம் 14 நோட்டுகள். மதிப்பு 430 ரூபாய். 50 ரூபாய் நோட்டுகள் எத்தனை?' பதினான்கும் 20 ரூபாய் என்று வைத்தால் 280. குறைவது 150. ஒரு 20-ஐ எடுத்துவிட்டு ஒரு 50 வைத்தால் 30 கூடும். 150 ÷ 30 = 5. ஐந்து 50 ரூபாய் நோட்டுகள், ஒன்பது 20 ரூபாய் நோட்டுகள். சரிபார்த்தால் 250 + 180 = 430. ஆடு, கோழிக் கால் கணக்கு, சரி விடைக்கு இத்தனை, தவறுக்கு இத்தனை என்ற மதிப்பெண் கணக்கு எல்லாம் இந்த வழிக்குள் அடங்கும். மதிப்பெண் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சரிக்கு 4, தவறுக்கு 1 குறைவு என்றால் ஒரு விடை மாறும்போது வித்தியாசம் 3 அல்ல, 5.

'மீதியில்' என்ற ஒரு சொல்

பின்னமும் சதவீதமும்தான் அதிகம் மதிப்பெண் பறிக்கும் இடம். காரணம் ஒன்றே: எதன் பங்கு என்று கேட்காமல் போடுவது.

'மார்த்தாண்டத்தில் ஒருவர் தம்மிடமிருந்த தேனில் மூன்றில் ஒரு பங்கைக் காலையிலும், மீதியில் நான்கில் ஒரு பங்கை மாலையிலும் விற்றார். 9 கிலோ எஞ்சியது. முதலில் இருந்தது எவ்வளவு?' அவசரக்காரர் 1/3 + 1/4 = 7/12 என்று கூட்டுவார். எஞ்சியது 5/12, ஆக 21.6 கிலோ. தவறு. நான்கில் ஒரு பங்கு மொத்தத்தில் அல்ல, மீதியில். விற்றதைக் கூட்டாமல் எஞ்சியதைப் பெருக்குங்கள்: 2/3 × 3/4 = 1/2. பாதி 9 கிலோ என்றால் மொத்தம் 18 கிலோ. காலையில் 6 போக 12, அதில் 3 போக 9. கேள்வியில் 'மீதியில்' என்று இருந்தால் வட்டமிடுங்கள், அந்தக் கணக்கு பெருக்கல் கணக்கு.

சதவீதத்தில் பின்னோக்கிப் போகும் கேள்வி இன்னும் மோசம். 'ரப்பர் ஷீட் விலை 20% கூடி கிலோ 216 ரூபாயானது. பழைய விலை என்ன?' 216-இல் 20% கழித்து 172.80 என்று எழுதினால் தவறு. 20% கூடியது பழைய விலையின்மேல். பழையது 100 என்றால் புதியது 120. 216 × 100 ÷ 120 = 180. கேட்பது மாற்றத்துக்கு முந்தைய தொகையா, பிந்தையதா என்று பார்த்து, முந்தையது என்றால் வகுங்கள். இதே காரணத்தால்தான் 20% ஏற்றி 20% இறக்கினால் பழைய இடத்துக்கு வராது, 4% நட்டம். 10% தள்ளுபடிமேல் மீண்டும் 10% என்றால் 20% அல்ல, 19%. 800 ரூபாய்ப் பொருள் 640-க்கு வராது, 648.

இலாப, நட்டச் சதவீதம் அடக்க விலையின்மேல். தள்ளுபடி குறித்த விலையின்மேல். கேள்வியில் வேறு மாதிரி சொல்லாதவரை இது மாறாது. கெட்டுப்போன சரக்கு வரும் கேள்வியில் மொத்தத் தொகையில்தான் போட வேண்டும், கிலோ விலையில் அல்ல. '20 கிலோ கருப்பட்டியைக் கிலோ 300 ரூபாய்க்கு வாங்கினார். 2 கிலோ ஈரம் பட்டுக் கெட்டது. மீதியைக் கிலோ 350-க்கு விற்றார். இலாபம் எத்தனை சதவீதம்?' வாங்கியது 6,000. விற்றது 18 × 350 = 6,300. இலாபம் 300, அதாவது 5%. 300-க்கு 50 இலாபம் என்று பார்த்து 16⅔% எழுதுபவர், கெட்ட இரண்டு கிலோவுக்கும் காசு கொடுத்ததை மறந்தவர்.

விகிதம்: பங்கு ஒன்றின் மதிப்பு

கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. பீடம் 38, சிலை 95. இரண்டையும் 19-ஆல் வகுத்தால் 2 : 5. கேள்வியாகத் திருப்பினால்: 'மொத்த உயரம் 133 அடி, பீடமும் சிலையும் 2 : 5. பீடத்தின் உயரம் என்ன?' மொத்தப் பங்கு 7. ஒரு பங்கு 133 ÷ 7 = 19. பீடம் 38. இதையே 'சிலை பீடத்தை விட 57 அடி உயரம்' என்று கொடுத்தால் 57-ஐ 7-ஆல் வகுக்கக் கூடாது. 57 என்பது 5 − 2 = 3 பங்கு. 57 ÷ 3 = 19. கொடுத்த எண் கூட்டுத்தொகையா, வித்தியாசமா, ஒருவரின் பங்கு மட்டுமா என்று பார்த்த பிறகே வகுக்க வேண்டும். விகிதத்தில் தவறும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தவறுவது இந்த ஓரிடத்தில்தான்.

வேகமும் வேலையும்

மணிக்குக் கி.மீ-ஐ நொடிக்கு மீட்டராக்க 5/18-ஆல் பெருக்குங்கள். 18 → 5, 36 → 10, 54 → 15, 72 → 20 என்ற நான்கையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலான ரயில் கணக்குக்குப் போதும். 240 மீட்டர் ரயில் 54 கி.மீ வேகத்தில் 360 மீட்டர் நடைமேடையைக் கடக்க எவ்வளவு நேரம்? ரயிலின் கடைசிப் பெட்டியும் வெளியே வர வேண்டும், எனவே தூரம் 240 + 360 = 600. 600 ÷ 15 = 40 நொடி. கம்பத்தையோ நிற்கும் ஆளையோ கடந்தால் ரயிலின் நீளம் மட்டும், 16 நொடி. ஆனால் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நீளம் 384 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நடந்து கடப்பவருக்குத் தம் நீளம் கூட்ட வேண்டியதில்லை: 240 நொடி, 4 நிமிடம்.

சராசரி வேகம் என்று கேட்டால் இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு 20 கி.மீ என்று வைத்துக்கொண்டால், போகும்போது 40 கி.மீ வேகத்தில் 30 நிமிடம், திரும்பும்போது 60 கி.மீ வேகத்தில் 20 நிமிடம். 40 கி.மீ-க்கு 50 நிமிடம், அதாவது மணிக்கு 48 கி.மீ. 50 அல்ல. மெதுவாகப் போன நேரம் அதிகம் என்பதால் விடை எப்போதும் நடுவிலிருந்து சிறிய வேகத்தின் பக்கம் சாயும். தூரம் கொடுக்காவிட்டால் இரண்டு வேகங்களின் மீ.சி.ம-வை (மீச்சிறு பொது மடங்கை)த் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக் கணக்கிலும் மீ.சி.ம கைகொடுக்கும். பின்னங்களைக் கூட்டுவதை விட இது வேகம். ஒரு குழாய் தொட்டியை 6 மணியில் நிரப்பும், மற்றொன்று 4 மணியில். அடியில் உள்ள ஓட்டை நிறைந்த தொட்டியை 12 மணியில் காலியாக்கும். தொட்டி 12 குடம் என்று வைத்தால், மணிக்கு 2 வரும், 3 வரும், 1 போகும். நிகரம் 4. 12 ÷ 4 = 3 மணி.

ஆள் குறையும் கணக்கில் மொத்த வேலையை ஆள்-நாளாக (ஆள் எண்ணிக்கை × நாள்) எழுதுங்கள். 'குளச்சலில் 12 பேர் ஒரு வலையை 10 நாளில் பின்னி முடிப்பார்கள். 4 நாள் கழித்து 3 பேர் நின்றுவிட்டால் மொத்தம் எத்தனை நாள் ஆகும்?' மொத்தம் 120. நான்கு நாளில் 48 முடிந்தது. மீதி 72, ஆள் 9, ஆக 8 நாள். அத்தோடு நிறுத்தினால் தெரிவுகளில் 8 இருக்கும். கேட்டது மொத்தம், எனவே 12. கடைசி வரியை அடிக்கோடிட்டவர் இங்கே தப்பிப்பார்.

ஒன்று கூடும், ஒன்று குறையும்

'மீண்டும் எப்போது சேர்ந்து' என்றால் மீ.சி.ம. 'மீதமில்லாமல் மிகப்பெரிய அளவில்' என்றால் மீ.பெ.கா (மீப்பெரு பொதுக் காரணி). வடசேரியிலிருந்து மூன்று தடப் பேருந்துகள் 10, 12, 15 நிமிடத்துக்கு ஒருமுறை புறப்படுகின்றன, காலை 6 மணிக்கு மூன்றும் ஒன்றாகக் கிளம்பின என்றால் அடுத்தது 7 மணிக்கு. இதுவரை எல்லோரும் போடுவார்கள். '6 முதல் 9 வரை எத்தனை முறை ஒன்றாகக் கிளம்பும்?' என்றால் 3 என்று எழுதுவார்கள். 6, 7, 8, 9, நான்கு முறை. வரப்பு ஓரத்தில் 84 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளியில் இரு முனையிலும் தென்னை வைத்தால் 13 கன்று. அதே நீளம் தோப்பைச் சுற்றி வரும் வேலியாக இருந்தால் 12. கம்பம், மரம், மணியடித்தல், படிக்கட்டு என்று கண்டால் சிறிய எண்ணில் ஒரு படம் வரைந்து பாருங்கள். சூத்திரத்தை நம்பாதீர்கள்.

சராசரியில் ஒரு குறுக்குவழி மட்டும்: 5 பேரின் சராசரி 36, ஆறாவது ஆள் சேர்ந்ததும் 38 என்றால், அவர் தமக்கு 38-ஐ எடுத்துக்கொண்டு மற்ற ஐவருக்கும் தலைக்கு 2 கொடுத்திருக்கிறார். 38 + 10 = 48.

தெரிவுகளைப் பயன்படுத்துவது

நான்கு தெரிவுகளும் கண் முன்னே இருக்கும்போது சமன்பாட்டோடு மல்லுக்கட்டுவது பல நேரம் வீண். எண்களை ஏறுவரிசையில் பார்த்து நடுவில் உள்ளதை முதலில் கேள்வியில் போடுங்கள். அதிகமாக வந்தால் சிறியவற்றுக்குப் போகலாம். வயது, நோட்டு, இரண்டிலக்க எண் கணக்குகளுக்கு இது மிக ஏற்றது. சதவீத மாற்றம், கலவைக் கணக்கில் அவ்வளவாக உதவாது.

விலக்கவும் கற்க வேண்டும். பிள்ளைகள் 2 : 3 விகிதத்தில் இருந்தால் மொத்தம் 5-இன் மடங்கு. 42, 44, 45, 48 என்ற தெரிவுகளில் 45 தவிர எதுவும் நிற்காது. ஆள், பஸ், நோட்டு எண்ணிக்கையில் பின்னம் வந்தால் கணக்கை முதலிலிருந்து பாருங்கள்.

நேரமும் விடைத்தாளும்

சைனிக் தாளில் கணக்குக்கு 75 நிமிடம் ஒதுக்கினால் கேள்விக்கு ஒன்றரை நிமிடம். படித்து 20 நொடியில் வழி தெரியவில்லை என்றால் கேள்வி எண்ணை வட்டமிட்டு நகருங்கள். இரண்டாம் சுற்றில் வாருங்கள். என்.எம்.எம்.எஸ்-இல் கேள்விக்கு ஒரு நிமிடம்தான் என்பதால் இந்த ஒழுங்கு இன்னும் கறாராக வேண்டும்.

வீட்டுப் பயிற்சியில் தவறிய ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் காரணத்தை ஓர் எழுத்தால் குறியுங்கள்: படித்ததில் பிழைக்கு 'ப', சமன்பாட்டுக்கு 'ச', கணக்குப் பிழைக்கு 'க', அலகுக்கு 'அ'. இரண்டு வாரத்தில் எந்த எழுத்து அதிகம் என்று தெரியும். 'க' அதிகமுள்ள பிள்ளைக்கு 20 வரை வாய்ப்பாடும் பின்னச் சுருக்கமும் வேண்டும், புதிய மாதிரித் தாள் வேண்டாம். 'ப' அதிகமுள்ள பிள்ளைக்குத் தினம் பத்துக் கேள்வியைக் கொடுத்து, விடை போடாமல் சமன்பாட்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் கேள்வியைத் தாண்டிப் போகும்போதுதான் வரிசை நழுவும். 23-ஐ விட்டுவிட்டு 24-இன் விடையை 23-இல் நிரப்பினால் அதற்குப் பின் எல்லாமே ஒன்று தள்ளிப் போகும். வட்டத்தைத் தொடுமுன் கேள்வி எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்து ஐந்தாக நிரப்பி, ஒவ்வோர் ஐந்தின் முடிவிலும் இரண்டு தாளிலும் எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் புதிய கணக்கு எதையும் தொடாமல், விட்ட வட்டங்களை நிரப்பட்டும். மதிப்பெண் குறைப்பு இல்லாத தாளில் காலி வட்டத்துக்கு இடமே இல்லை.